நுகா புரட்டிய மண்

குளிர் தேசத்தில் இருக்கும் என் பேத்தி பாரிலேக்கு, உன் அப்பனைப் பெற்றவள் எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்று நம் மரவள்ளித் தோட்டத்தில் நின்றவர்கள்: நான், உன் தம்பி நுகா, உன் அப்பன் லெக்போர்சி, சேற்று நத்தை பொறுக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு சிரா, எண்ணெய் கசிந்து ஊறிய மண்ணைச் சுத்தம் செய்ய வந்த கம்பெனி மேஸ்திரி டோம்பாரி, அவனுடைய மூன்று தடியன்கள், பெயர் கேட்டும் சொல்லாத, மண் தள்ளும் வண்டிக்காரன். வேறு எவனாவது நானும் பார்த்தேன் என்று போன் செய்தால் பொய். நுகா வண்டியிலிருந்து விழுந்து செத்தான் என்று உனக்குச் சொன்னார்களாமே, அதுவும் பொய். வேறு கை எழுதினால் மழுப்பிவிடும் என்றுதான் கோணல் எழுத்தானாலும் நானே எழுதுகிறேன்.

போன மழைக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? எண்ணெய் தின்னும் கிருமி நம் மண்ணிலேயே இருக்கிறது, அதன் வயிற்றில் ஒரு நொதி இருக்கிறது, எண்ணெயில் வளையம் வளையமாய்க் கெட்டித்திருப்பதை அந்த நொதி காற்றை வைத்துத்தான் உடைக்கும் என்றாய். நுகா அதைப் பிடித்துக்கொண்டான். மண்ணைக் குவித்து, உரம் தூவி, வாரம் தவறாமல் புரட்டினான். "என்னடா, உன் மந்தை இன்னைக்குத் தீனி தின்னுச்சா?" என்று சிரா கேட்காத நாள் இல்லை. ஆனால் நாற்றம் குறைந்தது. குவியல் ஓரத்தில் புல் வந்தது. தொட்டுப் பார்த்தேன்.

டோம்பாரி அந்தக் குவியலைக் குழியில் தள்ளி, மேலே வெள்ளை மணல் போட்டு, வேலை முடிந்தது என்று போக வந்தான். உன் அப்பன் சரி என்றான். காசுக்காக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "மரவள்ளிய மூடி வச்சாத்தானடா புளிக்குது? இதுவும் கிருமிதான?" என்றான். "அது வேறப்பா. இத மூடினா மூச்சு முட்டிச் செத்துரும். அக்கா சொல்லிருக்கு" என்றான் நுகா. "உங்க அக்கா என்னைக்குடா மரவள்ளி ஊற வச்சா?" என்றான் உன் அப்பன். டோம்பாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வண்டி உறுமியது. நுகா மண்வெட்டியோடு குவியல்மேல் ஏறி நின்றான். ஒரு தடியன் அவன் காலைப் பிடித்து இழுத்தான். நுகா அவன் தோளில் வெட்டினான். சதை பிளந்து ரத்தம் கொட்டியது. நான் உலக்கையால் டோம்பாரியின் வாயில் போட்டேன். இரண்டு பல் விழுந்தது. எல்லாம் விழுந்திருந்தால் நன்றாகத் தூங்குவேன். சிரா இன்னொருத்தன் கையைக் கடித்துத் தொங்கினாள்.

அப்போதுதான் உன் அப்பன் ஓடிவந்து, நுகாவைப் பின்னாலிருந்து இரண்டு கையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தான். "போதும்டா, விட்டுத் தொலைடா" என்றான். மண்வெட்டி கீழே விழுந்தது. தோள் பிளந்தவன் அதை எடுத்தான். "கைய விடுப்பா, வர்றான்ப்பா!" என்று நுகா கத்தினான். என் காதால் கேட்டேன். இவன் விடவில்லை. முதல் அடி தலையில் விழுந்தது. அப்போதும் விடவில்லை. இரண்டாவது அடியும் அங்கேயே விழுந்தது. பிள்ளையின் ரத்தம் இவன் முகமெல்லாம்.

அடித்தவனைப் போலீஸ் கொண்டுபோனது. குவியலை மூடிவிட்டார்கள். நானும் சிராவும் திரும்பத் தோண்டுகிறோம். பாதி வெளியே வந்துவிட்டது. எப்படிப் புரட்ட வேண்டும் என்று நீ வந்து சொல்.

தம்பியைப் பிணவறையில் வைத்திருக்கிறோம். உனக்காகத்தான் அடக்கம் செய்யாமல் இருக்கிறோம். சீக்கிரம் வா. உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும், நீ நூறு வயது இரு.

வந்தபிறகு, அப்பா காப்பாற்றத்தானே பிடித்தார் என்று நீயும் சொல்வாய். ஊரே சொல்கிறது. எனக்கும் தெரியும். என் வாசலில் உட்கார்ந்து அழுகிறான், சோறு வைக்கிறேன், பேசுவதில்லை. அடித்தவன் கூலிக்கு வந்தவன், ஒருநாள் அவன் முகம் எனக்கு மறந்துபோகும். வாசலில் அழுகிறவனுக்காக மட்டும் என் காலில் வந்து விழாதே, கண்ணே. நான் மன்னிக்கப்போவதில்லை, என் வயிற்றில் பிறந்த லெக்போர்சியை.