சட்டியில் விழுந்த பச்சைச் சோப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் அப்பா வலது கையில் கட்டோடு இருப்பதால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு முழு நலமாக இரு.

நடந்ததைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை, உனக்காவது புரிகிறதா பார். உன் அப்பாவின் சோப்புப் பைத்தியம் உனக்குத் தெரியாததா, தேய்ந்த சில்லுகளை எல்லாம் டப்பாவில் சேர்த்து, சீவி, தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும், அது என்ன நிறம் என்ன வாசனை என்று கடவுளுக்கே தெரியாது, உன் அக்கா அதற்குக் கூட்டணி சோப்பு என்று பேர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போனார், நானும் கை சும்மா இராமல், குளியலறை ஜன்னலில் காய்ந்து வெடித்துக் கிடந்த பச்சைச் சில்லையும் எடுத்து உள்ளே போட்டேன். அதேதான், நீ முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது, ஒரு சோப்புக்கு இவ்வளவு விலையா, காசைத் தண்ணியில கரைக்கிறான் பாரு என்று அவர் கத்த, பதிலுக்கு நீ கத்த, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, அந்தச் சோப்பு.

மனுஷர் திரும்பி வந்து சட்டியில் பச்சையைப் பார்த்தாரோ இல்லையோ, கரண்டி என்று ஒன்று இருப்பதையே மறந்து வெறுங்கையை விட்டு எடுத்துவிட்டார். விரல்கள் கொப்பளித்துவிட்டன. நான் பதறிக் குழாயடியில் கையைப் பிடித்தால், அறிவிருக்கா உனக்கு, அது அவனோடது, அதை ஏன் இதுல போட்டே என்று என்னையே திட்டுகிறார். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனுஷர்! அதை இத்தனை நாள் யாரும் தொடாமல் வைத்திருந்தது கஞ்சத்தனமா, கோபமா, இல்லை நான் நினைக்கிறதுதானா? கேட்டால், அது எதோடயும் சேராத ரகம், மத்ததையும் கெடுத்துடும் என்கிறார். அப்படியானால் கண் ஏன் கலங்கியது என்றால், நுரை பட்டுடுச்சாம். சட்டியில் நுரையே இல்லையடா. சிரிக்கிறதா அழுகிறதா தெரியாமல் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவர் வாயால் கூப்பிட மாட்டார், நீயும் அவர் பிள்ளைதானே, வளைந்து கொடுக்க மாட்டாய், நடுவில் மத்தளம் மாதிரி எனக்கு இரண்டு பக்கமும் இடி. நீ இந்த வீட்டுப் படி ஏறுவாயா மாட்டாயா, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, வரும்போது சோப்பு மட்டும் வாங்கி வராதே. பாதி கரைந்தாலும் உன்னுடையது பழைய இடத்திலேயே இருக்கிறது, கட்டுப் போட்ட கையாலேயே எடுத்து வைத்தார்.

இப்படிக்கு,
குழப்பம் தீராத உன் அம்மா