மைக்கில் வாசித்த பெயர்கள்

7.7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆனேக்கல் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். குடோனில் புது விதி இன்று ஆரம்பம். முந்தின நாள் குறைவாக பேக் செய்த மூன்று பேர் எல்லோர் முன்னாலும் வந்து நிற்க வேண்டும். நான் ஹெச்.ஆர்., அதனால் மைக்கில் பெயர் வாசிப்பது என் வேலை. மேனேஜர் பிரகாஷ் இதற்கு வைத்த பெயர் மோட்டிவேஷன்.

முதல் பெயர் செல்வம். ஆறு வருடமாகக் கண்ணாடிச் சாமான் பேக் செய்கிறவர். குனிந்த தலை நிமிரவில்லை. சிலர் சிரித்தார்கள்.

குடை வாங்க வேண்டும்.

9.7, புதன்

மூன்றாம் நாளும் செல்வம்தான். மதியம் என் அறைக்கு வந்தார்.

"மேடம், கண்ணாடிய வேகமா போட்டா உடையும். மத்தவங்க பெட்டி உடைஞ்சு திரும்பி வருது, என்னுது ஒண்ணு வந்திருக்கா பாருங்க. மேனேஜர்கிட்ட சொல்லுங்க. வீட்ல சோறு இறங்கல."

சொல்கிறேன் என்றேன். மேனேஜர் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தார். சொல்லவில்லை.

10.7, வியாழன்



பெயர் வாசித்தேன். செல்வம் முன்னால் வரவில்லை. மேனேஜர் போய்க் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். "எல்லாரும் இவன் மூஞ்சிய நல்லா பாருங்க."

மேஜையில் கிடந்த இரும்பு டேப் கட்டரை எடுத்து மேனேஜர் வாயிலேயே அடித்தார் செல்வம். பல் தெறித்தது. விழுந்தவரை மறுபடியும் அடித்தார். பிறகு தான் பேக் செய்து வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் போட்டார்.

செக்யூரிட்டி மூன்று பேர். லத்தி, பூட்ஸ். முகத்தில், வயிற்றில். செல்வம் அசையாமல் கிடந்த பிறகும். என் கையில் மைக், ஆன் செய்தபடி. ஒவ்வொரு அடியும் குடோன் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை, நான் சொல்லவில்லை.

சுடிதாரில் ரத்தக் கறை. ஊற வைத்திருக்கிறேன்.

11.7, வெள்ளி

மேனேஜருக்குத் தாடையில் தையல். செல்வம் போலீஸ் லாக்கப்பில். ஹெட் ஆபீஸிலிருந்து போன். செல்வம் காரணமே இல்லாமல் தாக்கினார், செக்யூரிட்டி தடுக்க மட்டுமே செய்தது. இப்படி எழுதி போலீஸில் கொடுக்க வேண்டுமாம்.

ஸ்டேஷன் வாசலில் செல்வத்தின் மனைவி. "மைக்ல பேர் படிக்கிறது நீங்கதானா? மூணு நாளா தூக்கத்துல தன் பேரையே சொல்லிக்கிட்டிருந்தாருங்க." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உள்ளே போய் எழுதினேன். விதி, செல்வம் என்னிடம் வந்து கேட்டது, நான் சொல்லாமல் விட்டது, காலர், பூட்ஸ். எஸ்.ஐ. படித்துவிட்டு, "நிம் கெல்சா ஹோகுத்தே மேடம்" என்றார் கன்னடத்தில். வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

கம்பிக்குள் செல்வம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாம் மேடம்."