எதிர் மாடி டவர்

பிப். 3, செவ்வாய்

காலையிலிருந்தே பிசுபிசுப்பு. எண்ணூர்ப் பக்கத்துப் புகை வழக்கம்போல. துணி காயவில்லை. வாங்க: புளி, சீயக்காய், தேவிக்கு இரும்புச்சத்து மாத்திரை.

என் பெண் தேவிக்குக் கரு கலைந்து நாற்பது நாள். இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மசக்கைக்கு இங்கே வந்து படுத்திருந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டு வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு பேசுவாள். அப்பா குரல் பிள்ளைக்குக் கேட்கட்டுமாம். அந்தப் போன் கதிர்வீச்சுதான் கருவைத் தின்றது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயில் மண்ணைப் போட.

போன் இல்லடி, எதிர் ஐஸ் கம்பெனி மாடியில் நட்ட செல்போன் டவர்தான் என்று நான்தான் பேச்சை மாற்றினேன். அன்றைக்குத்தான் அழுகையை நிறுத்தினாள்.

பிப். 5, வியாழன்

வெயில். வீட்டுக்காரர் கடலுக்குப் போய் மூன்றாம் நாள். வலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் மறக்கக் கூடாது.

டவரை எடுக்கச் சொல்லி ஊரில் மனு எழுதுகிறார்கள். தெரு முழுக்கத் தலைவலி. பக்கத்து வீட்டு மல்லிகாவுக்குத் தூக்கமே இல்லையாம், அவள் மாமியாருக்குக் காதில் இரைச்சலாம். எனக்கும் பிடரி வலிதான், பொய் சொல்வானேன்.

சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேட்டேன். போனாலும் இல்லை, டவராலும் இல்லை, இப்படிக் கலைவதற்குப் பல தடவை காரணமே தெரியாது, பெண் மேல் தப்பில்லை என்றார். தேவியிடம் அப்படியே சொன்னேன்.

"காரணம் இல்லாம எப்டிம்மா பூடும்?"

மீன் கழுவப் போய்விட்டேன்.

பிப். 7, சனி

டவருக்கு மெக்கானிக் வந்தார். மல்லிகா வாசலிலேயே மடக்கிவிட்டாள், எங்களைச் சாகடிக்கவா நட்டீர்கள் என்று. அவர் சிரிக்கிறார். "மெஷினுக்கு இன்னும் கரண்டே குடுக்கலக்கா. ஒரு நாளு கூட ஓடல."

அப்படியானால் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கு? அது ஐஸ் கம்பெனி கரண்டில் எரிகிறதாம். நம் போட்டுகள் அந்த விளக்கைக் குறிவைத்துத்தான் கரை சேர்கின்றன. விளக்கு எரிந்தால் டவர் ஓடுகிறது என்று ஊரே நினைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் தலையை வேறு வலித்தது! மல்லிகா முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. தேவி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ என் போனுதாம்மா."

"கம்பெனி ஆளு வேற இன்னாடி சொல்லுவான்? பொய் சொல்றான்." வாய் கூசாமல் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப். 8, ஞாயிறு

மேகம், காற்றில்லை. மனுவோடு வந்தார்கள். மல்லிகா முதற்கொண்டு நாலைந்து வீடு நழுவிவிட்டது. அந்த டவர் ஓடவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், என் பெண் பார்க்கிற மாதிரி, முழுப் பெயரும் எழுதி.

தேவி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கீழே தன் பெயரையும் எழுதினாள். வீட்டுக்கு ஒன்று போதும் என்றார் மனு கொண்டுவந்தவர். இருக்கட்டும் என்றேன்.