லியோனுக்கு வாங்கிய வெற்றிலை

பெருநகர்,
18-8-2024

அன்பு மகள் சுகிர்தாவுக்கு உன் நைனா தானியேல் எழுதுவது. ஆண்டவர் தயவில் கைகால் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் சித்தப்பா பெஞ்சமின் வீட்டிலும் எல்லோரும் சுகம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா மாத்திரை போட்டாயா என்று கேட்பாய், நான் ஆச்சு என்பேன், அதோடு நம் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். இது அப்படித் தீருகிற சங்கதி இல்லை.

இங்கே சொர்ணவாரி அறுப்பு முடிந்தது, நெல் அறுக்கிற மெஷினோடு மாகறல் சாலவாக்கம் என்று சுற்றி பெஞ்சமின் கறுத்துப்போய்விட்டான். அவன் மருமகள் பிரிஸ்கில்லா உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வருகிறாள், இங்கிலீஷ் டீச்சர் என்பதால் ஊரில் யாருக்குக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் ஓடுகிறார்கள். நம் கூத்து வாத்தியார் சின்னராசுவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி திரிகிறார். போன மாதம் எனக்கும் ஒரு காகிதம் வந்தது, பிரான்சு நாடகக்கார மார்த்தா அம்மாவிடமிருந்து. அந்தப் பெயரே உனக்குப் பிடிக்காது, தெரியும், கொஞ்சம் பொறுத்துப் படி. நம் கூத்தையும் பரதநாட்டியத்தையும் அவர்கள் ஊர் நடிப்பையும் சேர்த்து லியோனில் போட்டோமே, நான் பதினாறு வருஷம் மிருதங்கம் வாசித்த அந்த நாடகம், அதைக் கடைசி முறையாக வருகிற நவம்பரில் போடுகிறார்களாம். நான் வந்து வாசிக்க வேண்டுமாம்.

படித்ததிலிருந்து எனக்கு அந்த ஊர் நினைப்புதான். அங்கே ராஜா வேஷம் கட்டினவர் ஆறடிக்கு மேல் உயரம், பூனைக்கண். கிர்க்கி அடித்துச் சுற்றும்போது கிரீடம் கழன்று என் மிருதங்கத்தின் மேலேயே வந்து விழும், சபை கைதட்டும், அதுவும் கூத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வார்கள். பரதம் ஆடின வெள்ளைக்காரப் பெண் எல்லாவற்றையும் எட்டு எட்டாக எண்ணுவாள், நானோ ஆடுகிறவர் கால் எப்போது விழுகிறதோ அதற்கு அடிக்கிறவன், இரண்டு பேரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒரு நாள் எண்ணாமலே சேர்ந்துவிட்டோம், அந்தச் சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் பிசைந்து ஒட்டுவதற்கு ரவை வேண்டும் என்று கேட்டால் மார்த்தா அம்மா ஒரு பொட்டலம் வாங்கிவந்து பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியில் பால் ஊற்றி இனிப்பு கிண்டிவிடுவார். நம் ஊரில் விடிய விடிய நடக்கிற கூத்தை அங்கே இரண்டு மணி நேரத்தில் முடித்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், சின்னராசுவிடம் சொன்னால் அது இன்னா கூத்து, நாஷ்டா துன்ற நேரம்தானே என்று சிரிப்பார்.

இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம். மார்த்தா அம்மா முதன்முதல் நம் ஊருக்கு வந்து என்னைக் கூப்பிட்டபோது, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சின்னராசு. நான் வாங்கினேன். கூத்துக்காரன் வெற்றிலை வாங்கிவிட்டால் வீட்டில் சாவே விழுந்தாலும் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அது உனக்கும் தெரியும். அப்புறம் ஏதோ காகிதம் நீட்டினார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், எனக்கு வெற்றிலைதான் பேச்சு. நீ எட்டாவது படிக்கும்போது, நான் லியோனில் இருந்தேன், உன் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்து மூன்றே நாளில் முடிந்துபோனது. பெஞ்சமின் போன் பண்ணி, அண்ணா, அண்ணி பூட்டாங்க, எப்போ வர்ற என்று அழுதான். வெத்தல வாங்கிக்கீறேன்டா, இன்னும் மூணு ஆட்டம் கீது, முடிச்சிட்டு வரேன் என்றேன். அன்றைக்கு ஒரு இடத்தில்கூட நான் தப்பாக வாசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் வெட்கம். நான் வந்து சேர்ந்தபோது ஜெயம்மாளை அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகியிருந்தது, நீ வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்கப்புறமும் உன்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு ஏழு வருஷம் போய்வந்தேன்.

இப்போது கடிதத்தோடு வந்த ஒப்பந்தக் காகிதத்தை பிரிஸ்கில்லா வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினாள். நாலாவது வரி, குடும்பத்தில் யாராவது இறந்தால் வாசிக்கிறவர் உடனே ஊருக்குப் போகலாம், டிக்கெட் குழு எடுத்துக் கொடுக்கும், மாற்று ஆள் வாசிப்பார். அன்றைக்கே அவளை விட்டு மார்த்தா அம்மாவுக்குப் போன் போட்டு, இது அப்போதும் இருந்ததா என்று கேட்கச் சொன்னேன். முதல் காகிதத்திலிருந்தே இருக்கிறதாம். என் பக்கத்தில் ஒரு தாடிக்காரர் தினமும் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பார், ஆசையில் கேட்கிறார் என்று நினைத்தேன், அவர்தான் மாற்று ஆளாம். சாவுச் செய்தி அவர்களுக்கும் தெரியுமாம், நான் போகவேண்டும் என்று கேட்காததைப் பார்த்து, இவர்கள் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது, நாம் தலையிடக் கூடாது என்று அவர்களும் இருந்துவிட்டார்களாம். சுகிர்தா, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. வெற்றிலைமேல் பழியைப் போட்டு இருபது வருஷம் உன் முன்னால் நியாயம் பேசினேன், அது நியாயமே இல்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இந்தக் காகிதம்.

நவம்பரில்தான் உனக்குப் பிரசவம். கூடப் பெரியவர்கள் யாரும் இல்லையே, நைனாவைக் கூப்பிடேன் என்று பெஞ்சமின் சொன்னதற்கு, நைனாவக் கூப்ட்டா வெத்தல வாங்கிக்கீறேன்னு சொல்லும் சித்தப்பா என்றாயாம். அவன் என்னிடம் மறைக்கவில்லை, எனக்கும் கோபம் வரவில்லை. லியோனுக்குப் போக ஆசையில்லை என்று சொன்னால் பொய், மிருதங்கத்தை எடுத்துத் துடைத்துக்கூட வைத்தேன். ஆனாலும் நேற்று மார்த்தா அம்மாவுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன், தாடிக்காரரே வாசிக்கட்டும். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் அங்கே போவதில்லை. எனக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது, ஆனால் கஞ்சி வைப்பேன், துணி துவைப்பேன், பிள்ளை அழுதால் தொடையில் தாளம் போட்டுத் தூங்கவைப்பேன்.

ஆஸ்பத்திரி டியூட்டியில் ரொம்ப நேரம் நிற்காதே, நர்ஸுக்கு நான் சொல்லவேண்டுமா என்று சிரிக்காதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். விசாவுக்கு நீ ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பவேண்டுமாம், பிரிஸ்கில்லா சொன்னாள், அடுத்த மாதத்துக்குள் வந்தால்தான் ஆகும். மனசு வந்தால் அனுப்பு. பெஞ்சமினிடம் வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறேன், வாடினால் வாராவாரம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் அவன் உன் பெயரைச் சொல்லி என் கையில் வைப்பான். வாங்கிவிட்டால் உன் நைனா எதற்கும் எழுந்திருக்கமாட்டான் என்பது உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வார்த்தைக்குக் காத்திருக்கும் நைனா,
தானியேல்