விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் 'அப்பா' என்ற சொல் வந்த உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. "அக்கா, சரியா கேக்கல, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வருஷமாக அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உன் ஊரில் சிக்னல் கிடைப்பதில்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

புது வேலைக்குப் போகிற வழியில் இந்த ஊரில் விமானம் மாறுகிறாய். வருகிற மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு இறங்கி மறுநாள் காலை ஏழரைக்கு ஏறுகிறாய். நடுவில் இருபத்தொன்றரை மணி நேரம். "ஏர்போர்ட்லயே நாற்காலில சாஞ்சுக்கறேன், நீ மட்டும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போ" என்றாய். வீட்டுக்கு வா என்று நான் அப்போதும் கூப்பிடவில்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை. அம்மா போனபோது நீ நடுவழியில் விமானத்தைத் தவறவிட்டு, எல்லாம் முடிந்த மறுநாள் பெட்டியோடு வந்து நின்றாய். அப்பா அத்தனை பேருக்கு நடுவில் "விருந்தாளி வந்திருக்கார், நாற்காலி போடுங்க" என்றார். "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாய் நீ. "நானும் கூப்பிட மாட்டேன்" என்றார் அவர். அன்றிலிருந்து இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் கட்டிக் காத்துக்கொண்டு இருக்கிறீர்கள். நீ விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டன். எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

அதனால்தான் எனக்கு ஓட்டல் யோசனை வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் அறை எடுத்தால் நீ நம் வீட்டு வாசற்படியை மிதித்ததாக ஆகாது. அப்பா உன்னைக் கூப்பிட்டதாகவும் ஆகாது, கூப்பிடுவது நான்தானே. யாருடைய சொல்லுக்கும் சேதாரம் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். பிறகு சமையலைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு அம்மாளைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார். "லிப்ட் எப்படின்னு நான் பாக்கணும். உனக்கு என்ன தெரியும்" என்றார்.

முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், வேறென்ன சொல்வார். மருந்துக்கடையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு அவரை டாக்சியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஓட்டல் விமான நிலையத்துக்கு நேர் எதிரில். முழுக்கக் கண்ணாடி. வரவேற்பில் இருந்த பெண் யாருக்கு அறை என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "என் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டார். உனக்கு என்று சொன்னால் அவர் கிரீடம் இறங்கிவிடுமே. சரி, எனக்கே என்று வைத்துக்கொண்டோம். மேலே போகாமல் லிப்ட் வாசலிலேயே நின்று, கதவு மூடும்போது வாக்கரை நடுவில் நீட்டினார். கதவு வாக்கரை இடித்துவிட்டுத்தான் திறந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. "கதவோட கண்ணு மந்தமா இருக்கு. ஆளக் கடிச்சிட்டு அப்புறம்தான் திறக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவள் பயந்துபோய் யாருக்கோ போன் செய்தாள்.

இரண்டாவதின் விளம்பரத்தில் விமான நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம் என்று போட்டிருந்தது. ஓட்டல் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஆனால் நடுவில் மேம்பாலம், ஒருவழிப் பாதை, சரக்கு லாரிகளின் வரிசை. போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. "அஞ்சு நிமிஷம்னு எழுதினவன் பறந்து வந்திருப்பான்" என்றார் டாக்சிக்காரர். அங்கே நான் இறங்கக்கூட இல்லை. மறுபடியும் நீ ஒரு விமானத்தைத் தவறவிட்டு, அந்தப் பழி என் தலையில் விழ வேண்டாம்.

மூன்றாவது ஓட்டலில் லிப்டில் குறையே இல்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொல்லுகிறது. "லிப்டுக்கு எதுக்கு வாய்?" என்றார். நல்லவேளையாக அறையில் நிஜமான குறை ஒன்று இருந்தது. குளியலறை வாசல் மூன்று சாண்தான், நடுவில் ஒரு படி வேறு. வாக்கர் நுழையாது.

அப்பாவின் நிலைமையை இங்கே எழுதிவிடுகிறேன். 'கால் கொஞ்சம் சரியில்லை' என்பதற்கு மேல் போனில் நீ என்னைச் சொல்ல விட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தாரே, இடுப்பு எலும்பு கூடியது, ஆனால் பலம் வரவில்லை. தானாக எழுந்திருக்க முடியாது. கட்டிலிலிருந்து யாராவது தூக்கி நிறுத்த வேண்டும், குளியலறை வரை கூடப் போக வேண்டும், முடியும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பக்கத்து வீட்டு அம்மாள் உதவுகிறார். இரவில் நான்கு முறை. உன் மாமாவுக்கு இரவு வேலை என்பது உனக்குத் தெரியும். அதனால் இரவு முழுக்க நான்தான்.

நான் முழுதாக ஓர் இரவு தூங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் கடையில் ஒரு வயதானவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் வேறொன்றை எடுத்து உறையில் போட்டுவிட்டேன். முதலாளி பார்த்துத் தடுத்ததால் தப்பித்தேன். அவர் திட்டவில்லை. "போய் மூஞ்சி கழுவிட்டு வாம்மா" என்றார். கழுவிவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். மறுநாளும் கிளம்பினோம். டாக்சியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உங்களுக்கு எந்த ஓட்டலும் பிடிக்காது, அவனைப் பார்க்க விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள் என்று கத்திவிட்டேன். டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ரூம் போட்டு, நான் போய் உக்காந்து, அவன் வரலன்னா?"

வருவான் என்று சொல்ல எனக்கு என்ன தைரியம், நீயே சொல். அறை கிடைக்காத வரைக்கும் நீ வராமல் போவதற்கும் வழியில்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் மனிதர் இரண்டு நாளாக லிப்ட் லிப்டாகக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான்காவது ஓட்டல் ஒரு கூரியர் கிடங்குக்குப் பக்கத்தில், விமான நிலையத்திலிருந்து நிஜமாகவே ஏழு நிமிடம். போக ஒன்று, வர ஒன்று என்று நான் இரண்டு முறை நேரம் பார்த்தேன். அங்கே லிப்ட் தரைக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். அதோடு அதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மேனேஜர் அறையைத் திறந்து காட்டினார். குளியலறை வாசல் அகலம், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். அறை எனக்குத்தான் என்று அவர் கீழே சொல்லியிருந்ததால் மேனேஜர் என்னைப் பார்த்து, "மெத்த புதுசு மேடம், படுத்துப் பாருங்க" என்றார். சும்மா ஒரு நிமிடம் என்று தலையைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது அறை வாசலில் துப்புரவு செய்கிற அம்மாள் வாளியோடு நின்றிருந்தாள். இரண்டேகால் மணி நேரம் தூங்கியிருக்கிறேன், தம்பி. பதறி எழுந்து அப்பாவைப் பார்த்தேன். அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழேயும் ஈரம்.

ஏன் என்னை எழுப்பவில்லை என்று கேட்டேன். கேட்டேனா கத்தினேனா தெரியவில்லை. "நல்லா தூங்கின" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்றதை அந்த அம்மாள் சொன்னாள். மேனேஜர் எழுப்ப வந்தபோது அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டி அனுப்பினாராம். அவள் வந்தபோதும் அப்படியே. நான் எழுந்த பிறகு துடைத்தால் போதும், வாளிச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வாள் என்று கையால் ஜாடை காட்டினாராம். ஊரில் இருக்கிற லிப்டுக்கெல்லாம் குறை சொல்லுகிற வாய், ஈரத்தில் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் அவரைத் துடைத்து, என் துப்பட்டாவைச் சுற்றிவிட்டு, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்மா" என்று சொல்லி வாளியை எடுத்தாள்.

கீழே வந்தோம். கிளம்பலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். நகரவில்லை. மேனேஜரைப் பார்த்து, "பதினாலாம் தேதிக்கு ரெண்டு ரூம் போடுங்க" என்றார். "லிப்ட்..." என்று நான் இழுத்தேன். "ரெண்டு விரக்கடதான, வாக்கரத் தூக்கி வச்சா ஏறிடும். இங்கதான் நீ தூங்கின" என்றார். யார் யாருக்கு என்று மேனேஜர் கேட்டார்.

அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஒண்ணு எனக்கும் என் பையனுக்கும். இன்னொண்ணு என் பொண்ணுக்கு. அவ ரூம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், எங்க சத்தம் கேக்கக் கூடாது."

மூன்று வருஷத்தில் அவர் வாயில் 'என் பையன்' என்ற சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன். குளியலறைக்குப் போக என்னைத் தவிர வேறு யாரையும் லேசில் தொட விடமாட்டார், பக்கத்து வீட்டு அம்மாளிடமே ஒரு வருஷம் அடம் பிடித்தார். அந்த மனிதர் உன் கையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். உனக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்க மாட்டார், அதை எதிர்பார்த்து வராதே. நீயும் கேட்க வேண்டாம்.

விமான நிலையத்தை விட்டு நீ வெளியே வருவதில் தடை எதுவும் இல்லை, விசாரித்துவிட்டேன். பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். கைப்பையில் மாற்று உடை ஒன்று வைத்துக்கொள். வெளி வாசலில் நான் நிற்பேன்.

இரவில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணிக்கு ஒருமுறை, பிறகு ஒன்றரை, மூன்றரை, ஐந்து என்று எழுந்திருப்பார். கூப்பிட மாட்டார், தொண்டையைச் செருமுவார், அதுதான் அடையாளம். வலது கைக்குக் கீழே உன் தோளைக் கொடு, இடது பக்கம் இழுக்காதே, வலிக்கும். பெரிய விளக்கைப் போடாதே. அவர் நிற்கும்போது நீ வேறு பக்கம் பார்த்துக்கொள், ஆனால் கையை விட்டுவிடாதே. திரும்பப் படுக்க வைத்ததும் போர்வையைக் காலுக்கு மட்டும் போடு. பேச எதுவும் வரவில்லை என்றால் பேச வேண்டாம், யாரும் உங்களைப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை.

அப்பாவுக்காக வா என்று கேட்டால் நீ வரமாட்டாய். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எனக்கென்று தனியாக ஓர் அறை போட்டிருக்கிறார். நானும் அப்படியே கேட்கிறேன். எனக்காக வா. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். அப்பாவுக்கு ஏதாவது என்றால் என் கதவைத் தட்டு. இல்லை, அப்போதும் முதலில் நீயே பார். அன்று ஒரு ராத்திரி மட்டும் அவருக்கு நீ இரு, தம்பி. நான் தூங்கிக்கொள்கிறேன்.

பத்திரமாக வந்து இறங்கு. நீ போகிற இடத்தில் உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

உன் அக்கா