ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

என் தங்க நைனா,

திண்டிவனத்திலிருந்து உன் பெண் செல்வி எழுதுகிறேன். கோலியனூர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். சுகமா என்று உன்னைக் கேட்க முடியாது; நாங்கள் சுகம் என்று எழுதவும் மனசு வரவில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். அம்மா உன் பேரை மறந்துவிட்டாளா?

வேறு யாராக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அவள்தான் உன் பேரை ஒருநாளும் சொன்னதே இல்லையே! அடுப்பில் வைத்ததை மறக்கிறாள், சாப்பிட்டதை மறக்கிறாள், போன வாரம் என்னையே "யாரும்மா நீ, நம்ம பக்கத்து ஆளு மாதிரி கீற" என்றாள். சொல்லாத பேர் உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று எந்த டாக்டர் பார்த்துச் சொல்வார்?

ஏழுமலை. நான் சொல்லலாம், எனக்குத் தடையில்லை. உன்னைப் பெறுமுன் உன் அப்பாவும் அம்மாவும் திருப்பதிக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டார்களாம். அந்த மலைகளின் பேரையே உனக்கு வைத்துவிட்டார்களாம். "மத்தவங்க சாமி பேர வெப்பாங்க, எங்கப்பன் சாமியோட அட்ரசையே பேரா வெச்சிட்டாரு" என்பாய். ஏழு மலைகளின் பேரையும் சொல்கிறேன் பார் என்று சேஷாத்திரியில் தொடங்குவாய், பாதி மலையிலேயே நின்றுவிடுவாய்.

நம் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஏழுமலை மேல்தான் விழ வேண்டும். நம் ஊரிலேயே எத்தனை பேர்! கண்டக்டர் ஏழுமலை, பம்புசெட்டு ஏழுமலை, துரியோதனன் வேஷம் கட்டி ஊரையே மிரட்டிவிட்டு வீட்டில் பெண்டாட்டிக்குப் பயந்து கிடந்த கூத்துக்கார ஏழுமலை. சட்டைப்பையில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலை வைத்திருந்ததால் நீ மல்லாட்டை ஏழுமலை. தெருவில் நின்று "ஏழுமல" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வாசலில் தலை தெரியும்.

அம்மா பேர் அஞ்சலை. "அஞ்சும் ஏழும் பன்னண்டு, நாங்க ஒரு டஜன்" என்று சொந்தக்காரர்களிடம் அளப்பாய். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு நீ "செல்வி நைனா". உன் பேர் வாயில் வந்துவிடக் கூடாதென்று ஏழு என்ற எண்ணையே ஒதுக்கிவைத்தவள். ஏழு மணி என்றால் "ஆறு அடிச்சி ஒருமணி ஆச்சி". கடையில் கத்திரிக்காய் பொறுக்கினால் "ஆறு, ஆறும் ஒண்ணு, எட்டு". அவளிடம் எண்ணக் கற்றுக்கொண்ட நான் பள்ளிக்கூடத்தில் ஆறுக்கு அடுத்து எட்டு என்று சொல்லி வகுப்பே சிரித்தது உனக்குத் தெரியும்தானே?

சரி, நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. ஒரு அமாவாசைக்கு அவளை மேல்மலையனூர் கூட்டிப்போனேன். பகலிலேயே கால் வைக்க இடமில்லாத கூட்டம். தேங்காய் வாங்கச் சில்லறை தேடினேன், அவள் கையை விட்டது அந்த ஒரு நிமிஷம்தான். திரும்பினால் அம்மா இல்லை.

நைனா, பூக்கடை, மொட்டை போடுகிற இடம், குளத்துப் பக்கம் என்று பைத்தியக்காரி போல ஓடினேன். கடைசியில் பஸ் நிற்கிற இடத்தில் இருந்த மைக்கில் சொல்லச் சொன்னேன். "அஞ்சலை அம்மா, கணவர் பெயர் ஏழுமலை, எங்கிருந்தாலும் வரவும்." வந்தது யார் தெரியுமா? ஏழுமலைகள்! ஒருவர் பின் ஒருவராக, "எம்பேர கூப்ட்டீங்களா?" என்று. நான் அழுவேனா, சிரிப்பேனா?

கோயில் பக்கத்து மைக்கும் கத்திக்கொண்டிருந்தது. "அஞ்சலை என்கிற அம்மா இங்கே இருக்கிறார், கணவர் பெயர் ஆறுமுகம்." அஞ்சலை என்றதும் எழுந்தேன். ஆறுமுகம் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் அஞ்சலைக்கா பஞ்சம்?

வந்த ஏழுமலைகளில் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். செஞ்சிப் பக்கத்துப் பெரியவர், மொட்டைத் தலை நிறையச் சந்தனம்.

"ஏம்மா, உங்கம்மா புருஷன் பேர சொல்லுவாங்களா?"

"சத்தியமா சொல்லாதுங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு குந்திக்கினு கீற? எம்பொண்டாட்டியும் 'ஆறுக்கு அப்பறம்'னுதான் சொல்லுவா. அந்த மைக்காரரு ஆறு மட்டும் காதுல வாங்கிக்கினு மீதிய தானே போட்டுக்கினாரு. ஜல்தியா ஓடும்மா!"

ஓடினேன். அங்கே அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். "நான் இன்னா சொல்றேன், நீ இன்னா கூவற? ஆறுக்கு அப்பறம், பின்னால பெருமாள் கீற எடம். எத்தினி வாட்டி சொல்றது? என்ன எவனுக்கோ பொண்டாட்டி ஆக்கிட்டியேய்யா, பேஜாரு புடிச்ச ஆளு!" எந்த ஊர் என்று கேட்டதற்கு "எங்க வூடு" என்றாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "எங்கடி போய்ட்ட? செல்வி நைனா தேடிக்கினு இருப்பாரு, வா." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நீ போய்விட்டதை மறந்திருந்தாள், உன்னை மறக்கவில்லை.

அது அன்றைக்கு. அதற்குப் பிறகு நாளுக்கு நாள் மோசம். அட்டையில் பேரும் போன் நம்பரும் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்கிறார் உன் மருமகன். நியாயம்தான், மாட்டத்தான் போகிறேன். ஆனால் என் பயம் வேறு. ஒருநாள் அவள் எண்ணிக்கொண்டே வந்து, ஆறுக்கு அடுத்துச் சாதாரணமாக ஏழு என்று சொல்லிவிட்டால்? அட, சரியாக எண்ணுகிறாளே என்று மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். நீ அவளுக்குள்ளிருந்தும் போய்விட்டாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் தினமும் எதையாவது எண்ணக் கொடுக்கிறேன். பாவம், அவளைப் படுத்துகிறேனோ? இன்று காலை ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழங்களைக் கொடுத்தேன். "நாலு, அஞ்சு, ஆறு" என்று ஒவ்வொன்றாக முறத்தில் போட்டாள். அடுத்த பழம் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறும் ஒண்ணு என்றுகூட வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் அந்தப் பழத்தை மெல்ல முறத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்தாள்.

"எட்டு."

"ஏம்மா, நடுவுல ஒண்ண வுட்டுட்டியே?"

"எங்க வுட்டேன்? அவரு அங்கதான் கீறாரு. பேசாம எண்ண வுடுடி."

எத்தனை நாளைக்கு இப்படி, தெரியவில்லை நைனா. அவள் வாயில் ஏழு வருகிற நாளும் வரத்தான் போகிறது. அன்றைக்கு அவளைத் திருத்த மாட்டேன், அவளெதிரே அழவும் மாட்டேன். அடுத்த நாளிலிருந்து அவளோடு உட்கார்ந்து நானும் எண்ணுவேன். ஆறு வந்ததும் அவளுக்குப் பதிலாக நான் வாயை மூடிக்கொள்வேன். இது உன் மேல் சத்தியம்.

ஆறுக்கு அப்புறம் இருக்கிறவரின் மகள்,
செல்வி