விராலடிப்பான் இந்த மார்கழியும் வந்தது

அன்புள்ள ஆண்டியண்ணா,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் எப்படித் தொடங்குவது? நான் நன்றாக இருக்கிறேன். திருக்கோவிலூரில் நம் ஸ்டுடியோவும் நன்றாக ஓடுகிறது. தை முகூர்த்தங்களுக்கு இப்போதே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் மார்கழி பிறந்ததும் எனக்குக் கை பரபரத்தது. கல்யாணம் இல்லாத மாதம். மற்ற போட்டோகிராபர்கள் கேமராவைத் துடைத்து பீரோவில் வைக்கும் நாளில், நாம் மட்டும் மரக்காணத்துக்கு வண்டி கட்டுவோமே. கல்வராயன் மலையில் பிறந்த நீங்கள், ஒரு கல்யாண ஆர்டருக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தீர்கள். அதுவும் எங்கே பார்த்தீர்கள்? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உப்பளத்தை ஒட்டிய கழித் தண்ணீரின் மேல் சுற்றிய ஒரு பறவையையே பார்த்து நின்றீர்கள்.

அதுதான் விராலடிப்பான். குளிர்காலத்துக்கு மட்டும் வரும். மீனைத் தவிர வேறெதையும் சீண்டாது. மேலிருந்து கால்களை நீட்டித் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழும்பும். அந்த எழும்புகிற நொடியைப் படமாக்கத்தான் எத்தனை மார்கழி போனோம்!

"மலையில இல்லாத கழுகா? அத்த பாக்க கடலுக்கு ஓடணுமா?" என்று லட்சுமி அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். அதற்குள் நீங்கள் கேமராப் பையைத் தோளில் மாட்டியிருப்பீர்கள்.

போன மார்கழியில் நான் செய்த காரியத்தை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். பறவை நமக்கு நேர் எதிரே, சிறகை மடக்கிக்கொண்டு இறங்கியது. நீங்கள் கேமராவில் கண்ணை வைத்துவிட்டீர்கள். கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரத்தில் அய்யரை நிறுத்தி வைப்பது என் வேலை அல்லவா? பழக்கதோஷம். "சாமி, ஒரு நிமிஷம்!" என்று கத்திவிட்டேன். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே திரும்பியது பறவை. அன்றைக்கு அது மறுபடி வரவே இல்லை.

நீங்கள் திட்டவில்லை. "டேய் சேகரு, அது இன்னா தாலி எடுத்துக் குடுக்கிற அய்யராடா, நீ சொன்னா நிக்க?" என்றீர்கள். விழுப்புரம் வந்து டீ குடிக்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சித்திரையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். நீங்கள் ஆசைப்பட்ட ஒரே படத்தை நான்தானே கெடுத்தேன்? இத்தனை மாதமாக இது என்னைத் தூங்க விடவில்லை.

அதனால் இந்த மார்கழியில் உங்கள் கேமராவையே கேட்டு வாங்கப் போனேன். அண்ணி கேமராப் பையை எடுத்து வந்து, தானும் செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் வரேன் தம்பி. அப்பிடி இன்னாதான் கீதுன்னு பாத்துடறேன்."

உப்பள வரப்பில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, பல்லு வலியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெயில் ஏறி, அண்ணி கொண்டுவந்த புளிச்சோறு தீர்ந்த பிறகு பறவை வந்தது. இறங்கியது. விழுந்தது. எழும்பியது. நான் அழுத்திய விரலை எடுக்கவில்லை. பார்த்தால், படம் விழுந்திருக்கிறது அண்ணா! சிறகு முழுக்க விரிந்து, நகத்தில் மீன் துடிக்க, சுற்றிலும் தண்ணீர் தெறிக்க. நீங்கள் கேட்ட அதே படம். துண்டைத் துப்பிவிட்டு ஓவென்று அழுதேன்.

"அண்ணன் இத்த எடுக்காமலே போயிட்டாரே அண்ணி. என்னாலதான்."

அண்ணி படத்தைப் பார்க்கவில்லை. பறவை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு இத்த கண்ணால பாத்துக்கிறாரா?"

"எத்தினியோ தபா பாத்துக்கிறாரு."

"அப்ப இன்னாத்துக்கு அழுவுற? பாத்துட்டாருல்ல? இத்தினி வருஷமா எங்கியோ போயி இன்னாத்தையோ பாத்துக்கினு வராருன்னு கோவமா கெடந்தேன். நல்லதத்தான் பாத்துக்கிறாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அழுத்துகிற நொடியில் நம் கேமராவுக்குள் கண்ணாடி மேலேறி, பார்க்கிற கண்ணுக்கு இருட்டடித்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? பறவை எழும்பியதை நான் பார்க்கவே இல்லை அண்ணா. என்னிடம் படம்தான் இருக்கிறது. பக்கத்தில் வெறும் கையோடு நின்ற அண்ணி பார்த்துவிட்டார்.

அடுத்த மார்கழிக்கும் அண்ணியைக் கூட்டிப் போகிறேன். அவர் இப்போதே கேட்டுவிட்டார். அன்றைக்குக் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு, அண்ணிக்குப் பக்கத்தில் நின்று, அது எழும்புவதை ஒரு தடவை கண்ணால் பார்ப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

என்றும் உங்கள் தம்பி,
சேகர்